கையெழுத்துப் போட மாட்டேன் அப்பு

அப்பு, நீ காலேஜுல படிக்கிறங்கிறத இந்த ஊரு இன்னும் நம்பல. வாரத்துல ரெண்டு நாளு பஸ் ஏறிப் போற. மிச்ச நாளெல்லாம் வேப்பமரத்தடியில கயித்துக் கட்டில்ல, காதுல வயரச் சொருகிக்கிட்டுக் கெடக்குற. ஓங்க அப்பத்தா கம்மங்கூழக் கொண்டாந்து நீட்டுனா "கிளாஸ்ல இருக்கேன்"ங்கிற. அவ சுத்திமுத்திப் பாக்குறா. ஒரு ஆட்டுக்குட்டியத் தவிர அங்கன ஒருத்தரையும் காணோம். பயலுக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருச்சோன்னு போன வெள்ளிக்கிழம துந்நூறு மந்திரிச்சு வாங்கியாந்துட்டா.

படிப்பக் குறை சொல்லலப்பா. ஒரு செமஸ்டர் பாடத்துல 40 சதவீதம் வரைக்கும் ஸ்வயம்ங்கிற ஆன்லைன் தளத்துல படிச்சுக்கலாம்னு யுஜிசி 2021-லயே விதி போட்டுருச்சுன்னு நீதான சொன்ன. ஐஐடி வாத்தியாரு பாடத்த மாட்டுக்கொட்டாயில ஒக்காந்து கேக்குற யோகம் ஓங்கப்பனுக்கு வாய்ச்சுச்சா? அவன் பத்தாவதுல ஒக்காந்து கேட்டதே பாதி நாளுதான். நீ படி. நல்லாப் படி.

ஆனா இப்ப ஒரு தாள நீட்டுற பாரு, அங்கதான் இடிக்குது. சமூகப் பங்கேற்புப் பாடமாம். ரெண்டு கிரெடிட்டு, 30 மணி நேரம், அதுல பாதியாச்சும் களத்துல எறங்கி இருக்கணுமாம். "பயனாளி கையொப்பம்"னு போட்ட எடத்துல அய்யா ஒரு கையெழுத்துப் போடுங்கங்கிற. எனக்கு என்னடா பயன் ஆச்சு? நேத்து மோட்டார் சுவிட்சப் போடச் சொன்னதுக்கே அரைமணி நேரம் கழிச்சு எந்திரிச்ச. நான் தலையாரி உத்தியோகம் பாத்தவன்டா. பாக்காத நெலத்துக்குப் பாத்தேன்னு எழுதுனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்.

சரி, பேரனாப் போயிட்ட, சுருக்கு வழி சொல்றேன் கேட்டுக்க. முப்பது மணி நேரத்த ஒரே நாள்ல முடிச்சிரலாம். மொதல்ல பேனரு. பேனர்ல ஓங்க பிரின்சிபால் படம் பெருசா, மரக்கன்னு படம் சிறுசா இருக்கணும். மாத்தி அடிச்சிராத, வெவகாரமாயிரும். பொறவு பள்ளிக்கூடத்துச் சுவத்தோரம் ஏற்கெனவே ஒரு குழி கெடக்கு, அதையே எடுத்துக்க. மூணு பேட்ச்சா அங்கதான் மரம் நட்டுருக்காக. எட்டுப் பேரு ஒரு கன்னப் புடிச்சுக்கங்க, ஒருத்தன் தண்ணி ஊத்துற மாதிரி குடத்தச் சாச்சுக்கிட்டே இருக்கட்டும். எடமும் நேரமும் விழுகுற மாதிரி ஜிபிஎஸ் கேமராவுல ஒரு கிளிக்கு. சட்டைய மாத்திட்டு இன்னொரு கிளிக்கு, அது அடுத்த வாரக் கணக்கு. ரிப்போர்ட்டு ஏஐ எழுதித் தந்துரும். அந்தக் கன்னு மட்டுந்தான் பாவம், நின்ன நேரத்துக்கு அதுக்கு ஒரு கிரெடிட்டும் கெடையாது.

சிரிக்காத. இதெல்லாம் ஓங்க காலத்துல மொளச்ச வித்தையில்ல. நாட்டு நலப்பணித் திட்டம்னு 1969-ல, காந்தி நூற்றாண்டு வருசத்துல, 37 பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சாக. ரெண்டு வருசத்துல 240 மணி நேரம் சேவை, அது போக ஏழு நாளு கேம்ப்பு. நம்மூருக்கும் வந்து பள்ளிக்கூடத்துலதான் தங்குவாக. நெஞ்சுல கோனார்க் கோயில் தேர்ச்சக்கரம் போட்ட பேட்ஜு. அந்தச் சக்கரத்துல எட்டு ஆரம் இருக்கும். 24 மணி நேரமும் சேவைக்குத் தயாருன்னு அர்த்தமாம். நல்ல புள்ளைகதான். வரத்துக்கால்ல சீமக்கருவேலத்த வெட்டிக் குடுத்துட்டுப் போனாக, அந்த வருசம் கம்மாய்க்குத் தண்ணி தடையில்லாம வந்துச்சு. ஆனா எட்டாம் நாளு பஸ் ஏறிட்டா பொறவு கருவேலமாச்சு, நாங்களாச்சு.

இந்த எடத்துலதாம்ப்பு ஒனக்கு ஒரு தோது இருக்கு, அது ஒனக்கே தெரியல. அந்தப் புள்ளைக ஊர விட்டு ஊரு வந்து சேவை செஞ்சுச்சுக. நீ படிக்கிறதே நம்மூருல இருந்து. களம் களம்ங்கிறாகளே, அது நீ படுத்திருக்குற கட்டிலுக்கு நாலு பக்கமும் இருக்கு. பஸ் சார்ஜு கெடையாது, கேம்ப்பு சோறு கெடையாது, ஏழு நாளுதாங்கிற கெடுவும் கெடையாது. இதுல ஒரே ஒரு சங்கட்டம், ஊருக்கு ஒன்னப் பத்தி நல்லாத் தெரியும்.

என்ன செய்யிறதுன்னு தலையச் சொறியிற. நம்ம வடக்குத் தெரு சின்னாத்தாவக் கேளு. ஒன்றரை ஏக்கர் சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு கட்டுச்சு. சிட்டா, அடங்கல், ஆதாரு, பேங்க் பாஸ்புக்கு மொதப் பக்கம், எல்லாத்தையும் மஞ்சப்பையில போட்டுக்கிட்டு டவுனுக்குப் போயி வரிசையில நின்னுச்சு. அங்க இருந்தவன் அவசரத்துல சர்வே நம்பர்ல 142/2ஏ-ங்கிறத 142/2பி-ன்னு தட்டி விட்டுட்டான். ரசீத வாங்கிப் பத்திரமா அரிசிப் பானையில வச்சிருச்சு. 2பி ஆரு நெலம் தெரியுமா? அது சுடுகாட்டுப் புறம்போக்கு. பொணத்துக்கெல்லாம் காப்பீடு கட்டுன மகராசி நம்ம சின்னாத்தாதான். கெடு முடியிறதுக்குள்ள ஒரு தடவ அந்த ரசீத ஆராச்சும் வாசிச்சுக் காட்டியிருந்தா திருத்தியிருக்கலாம். நீ அப்ப கட்டில்ல டேட்டா சயின்ஸ் படிச்சுக்கிட்டு இருந்த.

அதுகூடப் போகட்டும். கட்டுனவுகளுக்கும் ஏன் காசு வரல, பக்கத்து ஊருக்கு மட்டும் ஏன் வந்துச்சுன்னு டீக்கடையில தெனம் சண்டை. என் வயலு காஞ்சு கெடக்கு, எனக்கு ஏன் தரலங்கிறான் ஒருத்தன். ஒன் வயலு மட்டும் காஞ்சாப் பத்தாதுன்னு அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்ல. அறிவிச்ச வருவாய்க் கிராமத்துல அங்கங்க வயலத் தேர்ந்தெடுத்து, அறுத்து, எடை போட்டு, ஊரு முழுக்கச் சேத்துச் சராசரி பாக்குறாக. அந்தச் சராசரி வரம்புக்குக் கீழ போனாத்தான் காசு. அந்த வரம்பு எங்கிட்டிருந்து வருது? கடைசி ஏழு வருசத்துல நல்லா வெளைஞ்ச அஞ்சு வருசத்த எடுத்துச் சராசரி போட்டு, அதுல 70, 80, 90 சதவீதம்னு எடத்துக்கேத்த மாதிரி ஒரு அளவு வைக்கிறாக. நீ ஸ்வயம்ல என்பிடெல் பாடம் படிக்கிறியே, பன்னெண்டு வார அசைன்மென்டுல நல்லா வந்த எட்ட மட்டும் எடுத்துச் சராசரி போட்டு 25 மார்க்குக்குக் கணக்கு வைக்கிறாகன்னு சந்தோசப்பட்டியே, கிட்டத்தட்ட அதே கணக்குதாண்டா எங்க நெல்லுக்கும். ஒன் மார்க்குன்னா மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கும் கணக்குப் போடத் தெரியுது.

அதான் சொல்றேன். ஒனக்குப் பாடம் என்ன, ஊருக்குக் குறை என்னன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு. சம்பா மாதிரி ராபிப் பருவத்து நெல்லுக்கு விவசாயி கட்டுறது காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதவீதம். ஒன்றரை ஏக்கருக்கு எம்புட்டு ஆவும்னு ஒரு தாள்ல தமிழ்ல எழுதி டீக்கடைச் சுவத்துல ஒட்டு. கெடு தேதிய செவப்புல எழுது. சாயந்தரத்துல ரெண்டு மணி நேரம் சாவடியில ஒக்காந்து ரசீதெல்லாம் வாங்கிச் சர்வே நம்பரச் சரிபாரு. எத்தன ரசீதுல தப்பு, என்ன மாதிரித் தப்புன்னு எழுதி வச்சேன்னா அது ஒன் ரிப்போர்ட்டு. எந்த ஏஐயாலும் அத எழுத முடியாது. வடக்குத் தெருவுக்கு ஏஐ இன்னும் வந்து சேரல.

செய்யக்கூடாததையும் கேட்டுக்க. ஆரும் கேக்காத சேவையக் கொண்டுபோய் எறக்காத. மொதல்ல ரெண்டு நாளு சும்மா ஒக்காந்து காது குடு. காதுல இருக்குற வயரக் கழத்திட்டுத்தான். "நான் வாங்கித் தர்றேன் ஆத்தா"ன்னு வாய விடாத, காசு குடுக்குறது நீயில்ல. கெழவிக ஆதார் கார்ட ஒன் போன்ல படம் புடிச்சு வச்சுக்காத. ஓடிபி சொல்லுங்கன்னு கேட்டுப் பழக்காத. இன்னைக்கு ஒங்கிட்டச் சொல்லுற கெழவி நாளைக்கு எவன் போன்ல கேட்டாலும் சொல்லும். அதுக்குப் பதிலா, காசு போயிருச்சுன்னா உடனே 1930-க்குப் போன் போடணும்னு ஒவ்வொரு வீட்டு நெலக்கதவுலயும் சாக்பீசால எழுதி வையி. இந்த ஒரு வேலைக்கே நான் அரை மணி நேரம் கூடப் போட்டுத் தருவேன்.

புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறதும் நல்ல சேவைதான், கொரோனாவுக்குப் பொறவு 2021-ல இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப நம்ம தெருப் பொண்ணுக திண்ணையில வச்சுச் சொல்லிக் குடுத்துச்சுக. ஒனக்கு அதுக்குப் பொறுமை பத்தாது. ரசீதோட நில்லு.

இன்னொண்ணு, ஆன்லைன்ல இருக்குற உருப்படியான சங்கதி. ஓங்க கிளாஸ்ல ஒரு பய திருவாரூர்லயும், ஒரு புள்ள தேனியிலயும் இருக்குறதாச் சொன்ன. அவுக அவுக ஊருல ஆளுக்கு ஒரு சாவடியில ஒக்காந்து பாத்ததக் கொண்டாந்து திரையில வச்சுப் பேசுங்க. திருவாரூருல எப்புடிச் சர்வே நம்பரச் சரிபாக்குறாகன்னு நம்ம சின்னாத்தாவுக்கும் தெரியட்டும். ஏழு நாளு கேம்ப்புல அந்த வசதி எங்க இருந்துச்சு? ஒரு ஊரப் பாத்துட்டு ஒரு பஸ்ஸுல திரும்பிப் போனாக, அம்புட்டுதான்.

தாள இங்கிட்டு வையி. இன்னைக்குத் தேதிக்கு நீ களத்துல இருந்தது, என் கணக்குல, மோட்டார் சுவிட்சு போட்ட நேரம். பதினஞ்சு மணி நேரம் ஆகட்டும், அப்ப நானே பேனாவத் தேடி எடுத்துக்கிட்டு வாரேன்.

ஓங்க வாத்தியாருக்கும் ஒரு சொல்லு சொல்லிரு. அவரு நூறு மைலுக்கு அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டுப் போட்டோவப் பாத்து மார்க்குப் போடுறாரு, அவரு மேல தப்பில்ல, அவருக்குக் கெடைக்கிறது அதுதான். போட்டோ வேண்டாம்ங்கய்யா, அதுக்குப் பதிலா ஊருல ரெண்டு பேரு போன் நம்பர வாங்கிக்கங்க. ஏதாச்சும் ஒரு நாளு சாயந்தரம் சொல்லாமக் கொள்ளாமக் கூப்பிட்டு, "பய வாரானா?"ன்னு மட்டும் கேளுங்க. மிச்சத்த எங்க சின்னாத்தாவே சொல்லும்.