ஆகாயத்தாமரை மகாராணியின் திக்விஜயம்

பல்லவர் ஆண்டார்கள், சோழர் ஆண்டார்கள், வெள்ளைக்காரனும் ஆண்டுவிட்டுப் போனான். தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகளைக் கரையிலிருந்து கரை வரை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே தெரியாமல் பிடித்தவர் யாரென்றால், ஆகாயத்தாமரை மகாராணி ஒருத்திதான்.

பிறந்த ஊர் அமேசான். அங்கே அம்மணிக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. கூன்வண்டு இலையைச் சுரண்டும். அதன் புழு தண்டைக் குடையும். வெள்ளம் வந்தால் கூண்டோடு அடித்துக்கொண்டு போகும். எதிரி, பட்டினி, இட நெருக்கடி என்று எந்த உயிரையும் அளவோடு வைத்திருக்கும் காவல்காரர்கள் மூவரும் அங்கே ஒழுங்காக டூட்டி பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊதாப் பூவைப் பார்த்துச் சொக்கிப்போன தோட்டப் பிரியர்கள், செடியைக் கப்பலேற்றினார்கள். வண்டுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கவில்லை.

1890களில் வங்காளத்தில் கால் வைத்தாள். படகு நகரவில்லை, நெல் வயல் மூச்சுத் திணறியது. ஜெர்மன்காரன் சதி என்று ஒரு புரளி கிளம்பி, ‘ஜெர்மன் பானா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஜெர்மன் சக்கரவர்த்தி கைசருக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள். 1936இல் வங்காளம் இவளுக்கென்று தனிச் சட்டமே போட்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் இவளை ஒழிப்பதாகக் கட்சிகள் வாக்குறுதி கொடுத்தன. செடிக்கு ஓட்டு இருந்திருந்தால் தனிப்பெரும்பான்மை அவளுக்குத்தான்.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. லூசியானாவின் ராபர்ட் புரூசார்ட் 1910இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார்: ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்குமதி செய்வோம். அவை செடியைத் தின்னும், நாம் அவற்றைத் தின்போம். மசோதா தேறவில்லை. நல்லவேளை, நீர்யானை பகலெல்லாம் தண்ணீரில் ஊறிவிட்டு, ராத்திரி கரையேறிப் புல் மேய்கிற பிராணி. நம்மவர்களுக்கு இந்த யோசனை எட்டியிருந்தால் வண்டலூர் உயிரியல் பூங்காவிலிருந்து தாம்பரத்துச் செம்பாக்கம் ஏரிக்கு டெபுடேஷன் உத்தரவு போயிருக்கும். சாயங்காலம் வேளச்சேரி சாலை டிராஃபிக்கில் அதுவும் சேர்ந்து நின்றிருக்கும்.

தாம்பரம் படலத்துக்கு வருவோம். 1931இல் சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கே 365 ஏக்கருக்குக் குடிவந்தது. நெரிசல் தாங்காமல் இடம் பெயர்வதை இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்ததே படித்தவர்கள்தான். பிறகு சென்னையே பின்னால் கிளம்பி வந்தது. மனை விற்றவர்கள் ஸ்டேஷன் பக்கம், ஸ்கூல் பக்கம் என்று எல்லாம் சொன்னார்கள். கழிவுநீர் எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஏரிக்குப் போனது.

லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஊரெல்லாம் பரப்பிய விதி ஒன்று உண்டு: தேவையானவற்றில் எது மிகக் குறைவோ, அதுதான் வளர்ச்சிக்குக் கடிவாளம். மழைத் தண்ணீர் மட்டும் தேங்கிய ஏரியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொஞ்சம்தான். மகாராணி அரை வயிற்றோடு கிடந்திருப்பாள். நாம் செப்டிக் டேங்க் தண்ணீரையும் சோப்புத் தண்ணீரையும் வேளாவேளைக்கு அனுப்பி விருந்து வைத்தோம். இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிற செடிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

இடம் தாராளமாக இருக்கும்போது செடியின் காம்பு குட்டையாக, காற்றடைத்துப் பருத்திருக்கும். பக்கத்தில் ஆள் நெருக்கினால் அதே காம்பு மெலிந்து, வெயிலுக்காக நெட்டையாக வளரும். மேடவாக்கத்து அப்பார்ட்மெண்ட்டுக்கும் இதற்கும் பிளான் போட்ட இன்ஜினியர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். மக்கள்தொகை எதுவும் ஒரு உச்சவரம்பில் முட்டி நிற்கும் என்று பெல்ஜியத்து வெர்ஹுல்ஸ்ட் 1838இல் கணக்குப் போட்டுக் காட்டினார். செம்பாக்கத்தில் அந்த உச்சவரம்பு, ஏரியின் கரை.

டிக்கெட் கிடைக்காத அந்த வண்டை 1980களில் ஒருவழியாக வரவழைத்து பெங்களூரு ஏரிகளில் விட்டார்கள். சில இடங்களில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சாக்கடையில் கொழுத்த செடி, வண்டு தின்னும் வேகத்தைவிட வேகமாகத் துளிர்க்கும். நம் ஊரில் ஜேசிபி வரும், மாலை மரியாதை நடக்கும், வாரிய செடியைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்கு அதில் பாதி மறுபடி ஏரிக்குள்.

கடைசியில் இவளுக்குப் பணியாதது உப்பு ஒன்றுதான். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக வழிகிற தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. வெள்ளத்தோடு அங்கே போன படை திரும்பியதில்லை. உப்புத் தண்ணீர் பட்டதும் கருகிவிடும். டெண்டர், கமிஷன், திறப்பு விழா எதுவும் கேட்காமல் வேலை பார்க்கிற ஒரே காண்டிராக்டர்.

மகாராணிக்கும் இது தெரியும்போல. ஏரிச் சேற்றில் அவள் விட்டுவைத்திருக்கும் விதைகள் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு காத்திருக்கும். அதற்குள் மூன்று நாலு சட்டமன்றத் தேர்தல் வந்து போய்விடும்.