காளிக்கு வழி, வண்டிக்கு ஓரம்

குழந்தை வண்டிக்கு டிஸ்னிக்காரர்கள் சட்டமே போட்டிருக்கிறார்கள். 2019 மே 1 முதல் அவர்களுடைய அமெரிக்கப் பூங்காக்களுக்குள் வரும் ஸ்ட்ரோலர் 31 அங்குல அகலத்தையும் 52 அங்குல நீளத்தையும் தாண்டக்கூடாது. இழுத்துப்போகும் வேகன் அறவே கூடாது. சவாரி ஏறப் போகிறவர்கள் வண்டியை அதற்கென்று உள்ள இடத்தில் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தால் அது வைத்த இடத்தில் இருக்காது. வரிசையை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று ஊழியர்கள் எங்கேயாவது தள்ளி வைத்திருப்பார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் என் அண்ணன் மகள். ரெண்டு வயசுப் பையனோடும், மேற்படி அளவுக்குள் அடங்கிய வண்டியோடும் அமெரிக்காவிலிருந்து எங்கள் ஊர் நாசரேத்துக்கு வந்திருந்தாள். வந்தது தசரா சமயம்.

"குலசைக்குப் போவமா சித்தப்பா? அதான் வண்டி இருக்கே" என்றாள்.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொடியேறியதும் காப்புக் கட்டிக்கொண்டு ஆளாளுக்கு வேடம் போடுவார்கள். காளி, எமன், கரடி, குரங்கு, ராஜா, போலீஸ், எல்லாம் உண்டு. குழு குழுவாக மேளத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை எடுப்பார்கள். பத்தாம் நாள் அதைக் கோவிலில் செலுத்திவிட்டு, நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் பார்ப்பார்கள். கூட்டம் லட்சக் கணக்கில். டிஸ்னியில் ஒரு எலியோடு படம் பிடிக்க வரிசையில் நிற்க வேண்டுமாம். எங்களுக்கு அந்தச் சிரமமே கிடையாது. காளியே நாசரேத் பஜாருக்கு வந்து, கடை கடையாக ஏறி, நீங்கள் சில்லறை தேடி முடிக்கும்வரை நாக்கைத் தொங்கவிட்டு நிற்பாள். பையன் அலறுவான் என்று எதிர்பார்த்தோம். அவன் காளியின் உபரிக் கைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதைக் கழற்றித் தந்தால்தான் விடுவேன் என்று நின்றான்.

மெஞ்ஞானபுரம், உடன்குடி வழியாகப் பஸ். "மடக்குங்க, இல்லன்னா லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர். குடை மாதிரி மடக்கும் ஸ்ட்ரோலரை 1965 வாக்கில் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன்னால் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரங்கள் மடங்கி உள்ளே போகிற அமைப்பில் வேலை பார்த்த பொறியாளர் அவர். அந்தச் சாமர்த்தியத்தைத்தான் பிள்ளை வண்டியிலும் வைத்தார். விமானத்தில் அதை இயக்கப் பயிற்சி பெற்ற பைலட் இருப்பார். எங்கள் பஸ்ஸில் நான், மதினி, கண்டக்டர் மூவரும் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துத் திருகினோம். கடைசியில் பொத்தானைக் கண்டுபிடித்தவர் பின்சீட்டில் இருந்த எமன். பாசக்கயிற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து ஒரே அழுத்து அழுத்தினார்.

திருவிழா நாளில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மீதி நடைதான், அதுவும் மணலில். இந்தக் குலசையில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், இங்கிருந்து விட்டால் நேரே தெற்கே போய்விடும் என்பது கணக்கு. ராக்கெட்டுக்கு நேர்வழி கிடைக்கும் அதே ஊரில் எங்கள் வண்டிக்கு வளைந்துகூட வழி கிடைக்கவில்லை. முன்சக்கரம் இரண்டும் மணலுக்குள் இறங்கிவிட்டன.

அங்கேதான் அண்ணன் மகளுக்கு ஒரு சங்கதி புரியாமல் போனது. நம்ம ஊரில் வழி கேட்க ஒரே ஒரு சொல் போதும்: "கைப்பிள்ளைக்காரி." கோவில் வரிசை, பஸ் படிக்கட்டு, அசனப் பந்தி எங்கே சொன்னாலும் கூட்டம் விலகும். உட்கார்ந்திருப்பவர் எழுந்து இடம் தருவார், எழ மனமில்லாதவர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். இந்தச் சலுகைக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை இடுப்பில் இரவல் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் பிள்ளை இடுப்பில் இருக்க வேண்டும், நாலு பேர் கண்ணில் பட வேண்டும். வண்டிக்குள் முழங்கால் உயரத்தில் கிடந்தால் யாருக்குத் தெரியும்? "வழி விடுங்க, பிள்ளை இருக்கு" என்று இவள் கத்துகிறாள். "எங்கட்டி பிள்ளை?" என்கிறது கூட்டம். சாமான் வண்டி என்று நினைத்து ஒருவர் தம் பையையும் அதில் வைக்கப் பார்த்தார்.

ஒரு ஆச்சி மட்டும் குனிந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். "பிள்ளைக்குக் கால்ல என்ன மக்கா?"

"ஒண்ணுமில்ல ஆச்சி, நல்லா நடப்பான்."

"பின்ன எதுக்கு வண்டி?"

இந்தக் கேள்விக்கு டிஸ்னி விதிமுறைகளில் பதில் இல்லை. ஆச்சி மடியிலிருந்து சில்லுக்கருப்பட்டி எடுத்து, தாயிடம் கேட்காமலே, பையன் வாயில் வைத்தார். சானிடைசர் பாட்டில் வெளியே வருவதற்குள் கருப்பட்டி கரைந்துவிட்டது.

கருப்பட்டி உள்ளே போன வேகத்தில் பையன் வண்டியை விட்டு இறங்கினான். ரெண்டு வயசுப் பிள்ளைகளைப் பற்றி எந்தப் பூங்காவும் சட்டம் போட முடியாத விஷயம் இது: அவர்களுக்கு வண்டியில் உட்காரப் பிடிக்காது, வண்டியைத் தள்ளத்தான் பிடிக்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. ஒரு கரடியின் குதிகாலில் மோதினான், பிறகு ஒரு ராஜாவை. போலீஸ் ஒருவர் திரும்பி முறைத்தார். வேடமா நிஜமா என்று பிடிபடாததால் எதற்கும் இருக்கட்டும் என்று நான் கும்பிட்டு வைத்தேன்.

சம்ஹார நேரம் நெருங்கியதும் பையன் கைமாறினான். என் தோளிலிருந்து மதினியிடம், மதினியிடமிருந்து உடன்குடிக்காரர் ஒருவரிடம், அங்கிருந்து வாட்டசாட்டமான ஒரு காளியிடம். அண்ணன் மகள் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கடற்கரையிலேயே எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தவன் அவன்தான். சூரன் சிங்க முகத்தோடும் எருமை முகத்தோடும் வந்தபோதெல்லாம் காளியின் தோளில் உட்கார்ந்து கைதட்டினான். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவரின் பிடரி.

பிள்ளையைத் தோளில் ஏற்றிய காளி, தலைபாரத்தை என்ன செய்வது என்று சுற்றிப் பார்த்தார். காலி வண்டி கண்ணில் பட்டது. கிரீடம், ஜடாமுடி, மரக்கைகள் எல்லாவற்றையும் அதில் அடுக்கி, பெல்ட்டையும் பதனமாக மாட்டிவிட்டார். கூட்டம் கலைந்து பஸ்ஸுக்கு நடந்தபோது நடந்ததுதான் வேடிக்கை. எதிரே வந்தவர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு அம்மா கிரீடத்தின் மேல் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணன் மகளுக்கு மட்டும் கவலை தீரவில்லை. "அண்ணாச்சி, இது எத்தனை கிலோ இருக்கும்? இதுல கனம் ஏத்த லிமிட் போட்டிருக்கான்."

"விரதம் இருந்தா கனம் தெரியாது தங்கச்சி" என்றார் காளி. "பள்ளம் பாத்துத் தள்ளுங்க. கை ஒடிஞ்சிரப் போவுது."