மூட்டை அண்ணன்

எங்கள் நாவலப்பிட்டியில் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை. விடுமா என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மழை தாங்கும் டென்ட் வாங்கினார். வெளியே மழை பெய்கிறதே என்று அதை வீட்டு ஹாலுக்குள் விரித்துச் சோதித்தும் பார்த்தார். அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதாமல் இருப்பது பாவம். பெயர் வேண்டாம், மூட்டை அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். இந்த ரகத்தில் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

அண்ணனுடைய கனவு பீக்கோ ட்ரெயில். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற நடைவழி அது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்து ரோட்டுகளையும் குறுக்குப் பாதைகளையும் கோத்து உண்டாக்கியிருக்கிறார்கள். ஹந்தானை, கலஹா, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொட என்று அண்ணன் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். கேட்கிற நமக்குத்தான் கால் வலிக்கும். அவர் கலஹாவுக்குக்கூட இன்னும் போனதில்லை.

போகாததற்குச் சோம்பல் காரணமல்ல. மூட்டை தயாராகவில்லை, அவ்வளவுதான். நெடுநடைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: சாப்பாடும் தண்ணீரும் நீங்கலாக மூட்டை 10 இறாத்தலுக்குள், அதாவது நாலரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட அன்றே அண்ணன் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினார். அன்று பிடித்தது வினை. பல் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தார். சீப்பு பாதியானது. சட்டைகளின் லேபல்களை வெட்டினார். துவாயை நாலாகக் கிழித்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். மிச்ச மூன்றுக்கும் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. இப்படிக் கிராம் கிராமாக மிச்சம் பிடித்த இடத்தில், “எதுக்கும் இருக்கட்டும்” என்று ஒரு தோசைக்கல்லை ஏற்றினார். அப்புறம் ஒரு மண்வெட்டி. ஒரு ஹெட் டோர்ச், அது பழுதானால் இன்னொன்று, இரண்டும் பழுதானால் மெழுகுதிரி. இப்போது மூட்டை 19 கிலோ.

ஒருநாள் அவருடைய மாமியார் வந்திருந்தார். தோட்டத்தில் கொழுந்தெடுத்தே காலத்தைக் கழித்தவர். மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“இது என்னாங்க மாப்பிள்ள, ஒரு நாள் கொழுந்துதானே? தலையில மாட்டுற கயித்தக் காணோமே?”

அட்டைக்கென்று அண்ணன் தருவித்திருந்த முழங்கால் உறையையும் அந்த அம்மா விரித்துப் பார்த்தார். விலையைக் கேட்டவுடன் பேச்சு வரவில்லை. பிறகு, காலில் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு ஆனி மழையில் மலைக்கு ஏறிய கதையைச் சொன்னார். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் மூட்டையில் உறையோடு ஒரு கட்டி சவர்க்காரமும் ஒரு படங்கும் சேர்ந்தன.

உலக ஞானத்திலும் குறைவில்லை அவருக்கு. எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி 1955இல், தமது 67ஆம் வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதையை 146 நாளில் தனியாக நடந்து முடித்தார். 2,000 மைலுக்கு மேல். தோளில் தானே தைத்த துணிப்பை, காலில் சாதாரணக் கான்வஸ் சப்பாத்து, மழைக்குக் குளியலறைத் திரை. டென்ட் கிடையாது. இதைக் கண் கலங்கச் சொன்ன அண்ணன், அடுத்த வாரமே கொழும்பு புறக்கோட்டைக்குப் போய் ஒரு குளியலறைத் திரை வாங்கி வந்தார். டென்டோடு அதுவும் இருக்கட்டுமாம்.

பாட்டியைத் தேடி அமெரிக்கா வரை போயிருக்கவே வேண்டாம். நம் முப்பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிறகு 1874இல் ரயில் நாவலப்பிட்டிக்கு வந்தது. ஹட்டனைத் தொட இன்னும் 10 வருடம் பிடித்தது. அதுவரை மேலே போகிறவர்களுக்கு இங்கிருந்து வண்டி, இல்லாவிட்டால் கால். இதை அண்ணனிடம் எடுத்துச் சொன்னேன். “அவங்களுக்கு வேற வழி இல்ல தம்பி. நமக்கு இருக்கு” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூட்டைக்காரர் சில வேளைகளில் இப்படி மடக்கிவிடுவார்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு. சோயா மீட், கருவாடு, தேங்காய்ப்பால் மா, அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்த சோறு என்று ஐந்து நாளுக்கு வேண்டியதைக் கட்டியிருந்தார்.

“எதுக்கண்ணே இவ்வளவு?”

“காட்டுக்குள்ள என்னா தம்பி கெடைக்கும்?”

“காடு இல்லண்ணே, கலஹா.”

பாதை நெடுகத் தோட்டம், தோட்டத்தில் லயம், லயத்துப் பக்கம் கடை. சூடான ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும் கிடைக்கிற இடத்தில் காய்ந்த சோற்றை ஊறவைப்பது எனக்கு அபசாரமாகவே படுகிறது. அண்ணன் யோசித்தார். கடை பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். சோறு மூட்டைக்குள்ளேயே இருக்கிறது.

எப்போது கிளம்புகிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வைகாசியில் பிடிக்கிற தென்மேற்கு மழை புரட்டாசி வரை விடாது. ஐப்பசியில் இடிமழை. மார்கழிப் போயாவில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிடும், பஸ்ஸில் மூட்டைக்கு இடம் கிடைக்காது. சித்திரையில் வருசப்பிறப்பு. அதற்குள் டென்டில் பூஞ்சணம் பிடித்திருக்கும்; மூட்டையைப் பிரித்து, எல்லாவற்றையும் காயவைத்து, மறுபடி நிறுக்க வேண்டும்.

நான் சொல்வேன், அண்ணன் நடக்கவே வேண்டியதில்லை. பொருளை எடுத்து, நிறுத்து, அடுக்கி, கட்டி, பிரிப்பதில் அவருக்குக் கிடைக்கிற சந்தோஷம் 300 கிலோமீற்றர் நடந்தவனுக்குக் கிடைக்குமா தெரியாது. ஊருக்கும் அவரால் இலாபமே. இங்கே யாராவது மலையேறப் புறப்பட்டால் கடைக்குப் போவதில்லை, அண்ணன் வீட்டுக்குத்தான் போவார்கள். நீங்களும் ஹந்தானையிலிருந்து நடக்கப் போவதாக இருந்தால் காசைச் செலவழிக்காதீர்கள். வந்து கேளுங்கள், இல்லையென்று சொல்லமாட்டார். திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் காயவைத்துக் கொடுங்கள்.