ஹெலிகொப்டருக்கு எத்தனை லீற்றர்?

திருகோணமலைச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போனவை; பாதிக்கு மேல் காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கின்றன. 2022இல் அந்தத் தாங்கிகளுக்குப் பக்கத்திலேயே சனம் வெற்றுக் கேனோடு பெற்றோல் வரிசையில் காய்ந்தது.

அந்த மே மாதம், பிரதமர் பதவியிலிருந்து விலகிய மறுநாளே மகிந்த ராஜபக்ச குடும்பத்தோடு ஹெலிகொப்டரில் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தார். சனம் தளத்து வாசலில் நின்று கத்தியது. கோபத்துக்கு மட்டும் அப்போது தட்டுப்பாடே இல்லை.

பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. ஹெலிகொப்டருக்கு எவ்வளவு என்று அட்டவணையில் காணோம்.

எம்.பி.மாரின் தீர்வையற்ற வாகன பெர்மிட் இதைவிடப் பழைய கூத்து. மக்கள் சேவைக்கென்று கொடுத்த பெர்மிட், கைமாறி ஏதோவொரு முதலாளியின் முற்றத்தில் சொகுசு ஜீப்பாக நிற்கும். சனத்துக்கோ, 2024இல் பிள்ளை வாங்கும் புத்தகத்துக்குக்கூட 18 வீதம் வற் வந்தது.

இனி எம்.பி.மாருக்கு பெர்மிட் இல்லை என்கிறது இப்போதைய அரசு. நல்லது. இத்தனை காலமும் அவர்கள் கட்டாத தீர்வையை யார் கட்டினது என்று கேட்கிறீர்களா? கடையில் தந்த பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள்.