பி-204

என் மனைவியின் போனில் அவர் ‘எல்.கே.ஜி. அம்மா பி-204’ என்று பதிவாகியிருக்கிறார். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பெயரை மாற்ற யாருக்கு நேரமிருக்கிறது? மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் 112 வீடுகள். அத்தனை வீட்டிலும் விசாரித்தாலும் அவருடைய சொந்தப் பெயர் கிடைக்காது. அவருக்கோ அத்தனை வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த தேதியும் மனப்பாடம். ஒருநாள் லிஃப்டில் என்னைப் பார்த்து, “அண்ணே, பாப்பாவுக்கு இந்தத் தடவை சனிக்கிழமையில வருது, விட்றாதீங்க” என்றார். எந்தப் பாப்பா, என்ன வருகிறது என்று விழித்தேன். மூன்றாவது மாடி வந்த பிறகுதான் அது என் மகள் என்று விளங்கியது.

அவருக்குச் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது போதும். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு மொய் வாங்குவதுதான் விசேஷமே. வாங்கியதெல்லாம் நோட்டில் ஏறும். கொடுத்தவர் விருந்து வைக்கும்போது, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்தாக வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது; மறந்தால் மானம் போகும், அவ்வளவுதான். அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள் உண்டு, பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் உண்டு. சில பந்தல்களில் நோட்டு எண்ணும் இயந்திரமே வைத்திருக்கிறார்கள்.

அந்த மண்ணில் வளர்ந்தவரைக் கொண்டுவந்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இறக்கி, வாராவாரம் எவனாவது ஒரு பொடியனுக்கு கேக் வெட்டிக்கொண்டிருந்தால் அவர் சும்மா இருப்பாரா? நாங்களெல்லாம் அதை பர்த்டே பார்ட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நோட்டை ஒருமுறை நானே பார்த்தேன். நாற்பது பக்கம், கோடு போட்டது, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது. ‘சி-301, காந்த டப்பா, 150.’ ‘ஏ-107, கலர் பென்சில் 24, விலைச் சீட்டு கிழித்த தடம், 120 வைத்துக்கொள்ளலாம்.’ ‘டி-102, கவர் 100, ரெண்டு பிள்ளை.’ இந்த ‘ரெண்டு பிள்ளை’ என்னவென்று கேட்டேன். அழைத்தது அக்காவை, ஒட்டிக்கொண்டு வந்தது தம்பி. கிஃப்ட் ஒன்று, ரிட்டன் கிஃப்ட் இரண்டு. “இப்படி நாலு தம்பி வந்தா நம்ம கதை என்னாகும் அண்ணே?” என்றார். அதற்காகவே ஒரு பென்சிலும் ஒரு ரப்பரும் போட்ட சின்னப் பைகள் தனியாகத் தயாராக இருக்கும். வீட்டில் அதற்குத் ‘தம்பி பை’ என்று பெயர்.

மே மாதத்தில் பிள்ளை பெற்றவர்கள் மேல் அவருக்குத் தனி இரக்கம். பள்ளிக்கூட லீவு, பாதிக் குடியிருப்பு ஊருக்குப் போயிருக்கும். வருஷமெல்லாம் செய்துவிட்டு, தனக்கு வரும்போது பந்தியில் ஆளில்லை என்றால்? அவருடைய இளையவன் பிறந்தது மே 20. அர்ச்சனை, பாயசம் எல்லாம் வைகாசியில் நட்சத்திரம் பார்த்து முறையாக நடந்துவிடும். ஆனால் அவனுக்கு அதிகாரபூர்வமாக வயது கூடுவது ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாம் சனிக்கிழமை.

பார்ட்டிக்கு ஒரு மாதம் முன்பே பாரிமுனைக்குப் போய், நாராயண முதலி தெருவில் பலூனும் தோரணமும் மொத்தமாக வாங்கி வருவார். வயதைக் காட்டும் அந்தப் பளபளா எண் பலூன் இருக்கிறதே, அது அவரிடம் ஒரு சொத்து. விழா முடிந்ததும் ஸ்ட்ரா விட்டுக் காற்றை இறக்கி, பவுடர் தூவி மடித்து, பழைய சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவார். 6 என்பது மூன்று வருஷம் கழித்துத் தலைகீழாக மாட்டினால் 9. ஒன்று இருக்கிறதே, அதற்கு மவுசு அதிகம்: முதல் பிறந்தநாளுக்கு வாங்கியது, பத்து வயதிலிருந்து பத்தொன்பது வரைக்கும் உழைக்கும். “எட்டு?” என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது. “எப்படித் திருப்பினாலும் அது எட்டாத்தாண்ணே நிக்கிது. அந்த வருசம் கேக்கு மேலயே எழுதிக்க வேண்டியதுதான்.”

விழா நடப்பது சங்கத்துக் கூடத்தில். அழைப்பில் ஆறு மணி என்று இருக்கும். சி பிளாக்குக்குப் போகும் அழைப்பில் மட்டும் ஐந்தரை. அவர்கள் ஏழேகாலுக்கு வருவார்கள். மற்றவர்களும் ஏழேகாலுக்குத்தான் வருவார்கள் என்பது வேறு விஷயம்.

கேக் வெட்டும் கலையை அவரிடம் பார்க்கவேண்டும். ஒரு கிலோ எட்டுப் பேருக்கு வரும், மிஞ்சிப்போனால் பத்து என்பது பேக்கரிக்காரர்கள் கணக்கு. பி-204 இரண்டு கிலோவை அறுபது பேருக்குப் பங்கு வைப்பார். ரிப்பன் கட்டிய பிளாஸ்டிக் கத்தி போட்டோவுக்கு. அது முடிந்ததும் வீட்டிலிருந்து வந்த நீளக் கத்தி வெளியே வரும். பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர். கத்தியை முக்கி, துடைத்து, ஒரே இழுப்பு. மறுபடி முக்கி, துடைத்து, ஒரே இழுப்பு. ஒரு பொடி உதிராது. அடுத்தது தட்டு. பேப்பர் தட்டில் ஒரு ஓரம் கேக், எதிர் ஓரம் சிப்ஸ். கிரீம் வழிந்து சிப்ஸ் நமுத்துப்போகும் என்பதால் நடுவில் சமோசாவை மதில்சுவர் மாதிரி நிறுத்தியிருப்பார். நான் போன பார்ட்டிகளிலேயே கடைசி வரை மொறுமொறுப்பாகச் சிப்ஸ் தின்ற இடம் அது ஒன்றுதான்.

நுரை அடிக்கும் ஸ்ப்ரேக்கு அங்கே தடை. “அதுல கேஸ் இருக்குண்ணே, மெழுவத்தி பக்கம் அடிச்சா குப்புன்னு பத்திக்கும்” என்பார். உண்மைதான், பத்திக்கொள்ளும். ஆனால் அடுத்த வாக்கியம், “அப்புறம் நுரை விழுந்த கேக்க யாரு திம்பா?” இரண்டில் எது முதல் காரணம் என்று எனக்குத் தெரியும்.

அவராலும் தடுக்க முடியாதவன் ஒருவன் உண்டு: டி-102 தம்பி. யார் வீட்டுப் பிறந்தநாளானாலும் மெழுகுவர்த்தியை ஊதுவது அவன்தான். போன வருஷம் பி-204 தன் மகளின் பிறந்தநாளில் அவனை ஆறடி தள்ளி, அவன் அம்மா மடியில் இறுக்கிப் பிடிக்கவைத்தார். அப்படியும் எப்படியோ ஊதிவிட்டான். மகள் ஓவென்று அழ, “ஏங்க, அதை அழிச்சிட்டுத் திரும்ப எடுங்க” என்று கணவருக்கு உத்தரவு போனது. அந்த மனிதருக்கு எல்லா விழாவிலும் ஒரே வேலை, போனைத் தூக்கிப் பிடிப்பது. அவர் முகம் இருக்கிற பிறந்தநாள் படம் அந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

எல்லோரும் கைதட்டிப் பாடுகிறோமே, அந்தப் பாட்டின் கதையை ஒருமுறை அவரிடம் சொன்னேன். அமெரிக்காவில் கென்டக்கியில் ஹில் என்று இரண்டு சகோதரிகள், 1893-இல் சின்னப் பிள்ளைகளுக்காகக் காலை வணக்கப் பாட்டாகப் போட்ட மெட்டு அது. பின்னாளில் பிறந்தநாள் சொற்கள் வந்து ஒட்டிக்கொண்டன. அதற்கு உரிமை கொண்டாடிய ஒரு பதிப்பகம், சினிமாவில் பாடினால் காசு, மேடையில் பாடினால் காசு என்று பல வருஷம் வசூலித்தது. கோர்ட்டுக்குப் போய், 2016-இல் 1 கோடியே 40 லட்சம் டாலர் தருவதாகச் சமாதானம் ஆனது. நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்ப, யாரு யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு நோட்டுப் போட்டு வச்சிருந்தாங்களா அண்ணே?”

டாக்டர் செட் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பிறந்தநாளில் அது அவர் வீட்டுக்கு வந்தது. மகளிடம் ஏற்கெனவே ஒன்று இருந்ததால், பெட்டியின் அடியில் ஓரமாக நீல மையில் ஒரு புள்ளி வைத்து, அடுத்த வாரம் சி பிளாக்குக்கு அனுப்பிவைத்தார். இரண்டு வருஷம் கழித்து மகளின் ஆறாவது பிறந்தநாளில், புதுத் தாள் சுற்றிக்கொண்டு அது திரும்பி வந்தது. அடியில் நீலப் புள்ளி. ஸ்டெதஸ்கோப் குழாய் பெட்டிக்குள்ளேயே இறுகி, வற்றல் மாதிரி ஆகியிருந்தது. எத்தனையோ வீடு சுற்றியும் யாரும் டாக்டராகவில்லை. நடுவில் ஒரு வீடு எங்கள் வீடு என்பதை இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை. அவர் கோபப்படவில்லை. கட்டிக்கொடுத்த பெண் தலைதீபாவளிக்கு வந்த மாதிரி அதைத் தடவிப் பார்த்தார். நோட்டில் முன்பு 200 போட்டிருந்தவர், இப்போது 250 என்று வரவு வைத்தார். விலைவாசி ஏறியிருக்கிறதல்லவா?

இப்படியிருக்கையில் போன ஜனவரியில் அவர் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. மகளின் பிறந்தநாள் ஜூலையில். மூன்று வருஷமாகச் செய்த செய்முறை முழுக்க வெளியே நிற்கிறது. வேறு யாராக இருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். பி-204 வாசலில் வந்து நின்று, “அமெரிக்காலேருந்து வந்திருக்காங்கள்ல ஈ-பிளாக்ல, அவங்க சொன்னாங்கண்ணே. அங்கல்லாம் ஆறரை வயசுக்கும் கொண்டாடுவாங்களாம். அரை பர்த்டேன்னு பேரு. அவசியம் வந்துரணும்” என்றார்.

வராமல் யார் இருப்பார்கள்? ஆறாம் எண் பலூன் இறங்கி வந்தது. அரையை அட்டையில் வெட்டி ஒட்டியிருந்தார். கேக்கும் அரை வட்டம். முழுசாக வாங்கி நடுவில் வெட்டி, மறுபாதியை ரயிலுக்குக் கட்டி வைத்திருந்தார். டி-102 தம்பி வந்து ஊதினான். நான் என் பாக்கியான 250-க்கு மேல் ஒரு ரூபாய் வைத்துக் கவரை நீட்டினேன். அன்றிரவே நோட்டில் என் பெயருக்கு நேராக ஒரு கோடு விழுந்திருக்கும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வண்டி கிளம்புவதற்கு முன் வந்து, என் மகள் கையில் ஒரு பையைக் கொடுத்தார். பிரித்தால் மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர், நல்ல கனம். மூடியில் என் மகள் பெயரும் தேதியும் வெட்டியிருந்தது.

“இதெல்லாம் எதுக்கும்மா?”

“இருக்கட்டும்ணே, பாப்பாவுக்குத்தானே.”

வண்டி கேட்டைத் தாண்டும்வரை கையசைத்துவிட்டு மேலே வந்தோம். என் மனைவி கேரியரைக் கையில் வைத்து எடை பார்த்தாள். வெட்டிய பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

“எழுநூறு ரூபா இருக்கும். யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் முடியாது” என்றாள். பிறகு மகளின் பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து, எழுதாத பக்கமாகப் பார்த்து மேலே ஒரு சுழி போட்டாள்.

“ஏங்க, அவங்க சின்னவனுக்கு ஜூன்ல எந்தச் சனிக்கிழமைன்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க.”