வேலியோர மரத்தக்காளி

கொடைக்கானல் மேல்மலையில் நான் வளர்ந்த காலத்தில் மரத்தக்காளியைக் காசு கொடுத்து வாங்கியவர் யாருமில்லை. வீட்டுக்கு வீடு வேலியோரம் நின்றது. விருந்தாளி கிளம்பும்போது அப்பத்தா ஒரு பை நிறையப் பறித்துக் கையில் திணிப்பார். இன்று சென்னையில் அதே பழத்தைத் தட்டில் அடுக்கி, விலைச்சீட்டு ஒட்டி விற்கிறார்கள். எங்கள் வேலியில் ஒரு மரம்கூட இல்லை.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைதான் இதன் பூர்வீகம். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு எல்லாம் இதற்குப் பங்காளிகள். விதை போட்டால் ஆள் உயரத்துக்கு ஒற்றைத் தண்டாக நேரே போய், அப்புறம்தான் கிளை பிரியும். போத்து வைத்தால் தாழ்வாகவே புதராகப் பரவும். நட்ட இரண்டாம் வருஷமே காய்க்கத் தொடங்கும். பூத்தது பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். கோழிமுட்டை அளவில், கருஞ்சிவப்பாக, நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வேர் மேலாகவே ஓடுவதால் பலத்த காற்றுக்குத் தாங்காது. காய்ப் பாரத்தில் கிளை சடக்கென முறியும் என்று அப்பத்தா கவைக்கம்பால் முட்டுக் கொடுத்து வைப்பார்.

"தோலோட கடிக்காதடா, கசக்கும்" என்பார். பழத்தை அடுப்புத் தணலில் சுட்டு, தோலை உரித்து, மலைப்பூண்டும் காய்ந்த மிளகாயும் உப்பும் சேர்த்து அம்மியில் நசுக்குவார். புளிப்பும் காரமும் ஏறிய அந்தத் துவையல் இருந்தால் சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம்.

இந்த மரத்துக்கு ஆயுசு பத்துப் பன்னிரண்டு வருஷம்தான். மாவும் பலாவும்போலப் பேரன் காலம்வரை நிற்காது. பழைய மரம் தளரும்போதே அப்பத்தா பக்கத்தில் புதுப் போத்து ஊன்றிவிடுவார். அவருக்குப் பின் அந்த வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கோடரி எடுத்து ஒருவரும் வெட்டவில்லை. நடாமல் விட்டதே மரத்தை அழிக்கப் போதுமானதாக இருந்தது. விலையில்லாமல் கிடைத்த நாளில் அதை நட ஆளில்லை. விலை வந்த பிறகு கன்று தேடுகிறோம்.

மலையில் கையகல இடம் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஓரிரு வருஷம் முதிர்ந்த கிளையில் ஒன்றரை முழம் வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு ஊன்றுங்கள். தண்ணீர் தேங்காத, காற்று மறைவான இடமாகப் பாருங்கள். வேரில் நீர் நின்றால் சில நாளிலேயே பட்டுப்போகும். ஒன்று நட்டதோடு நிறுத்தாமல், சில வருஷத்துக்கொரு முறை அடுத்ததை நடுங்கள். இந்த மரம் ஓர் ஊரில் நிலைக்க அது ஒன்றுதான் வழி.