தூண்டில் போட்டாயிற்று, காத்திருங்கள்

கேள்வி: டையராமா கிழங்கு நட்டு ஒன்றரை வருஷமாகிறது. புல் மாதிரி இலைதான், பூவே இல்லை. பிடுங்கி வேறு இடத்தில் வைக்கலாமா?
– வாசகி, லண்டன்

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா! உங்கள் ஊரில் இதைத் 'தேவதையின் தூண்டில்' என்பார்கள். தூண்டில் போட்டவர் பொறுமையாக உட்கார வேண்டாமா? தென்னாப்பிரிக்கப் புல்வெளியில் பிறந்த செடி. புகுந்த வீட்டில் வேரூன்ற ஓரிரு வருஷம் பிடிக்கும். மண்ணுக்குள் வருஷத்துக்கொரு புதுக் கிழங்கு, பழசின் தலைமேலே, அடுக்கிய பணியாரம் போல ஏறும். தோண்டினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. நல்ல வெயில் படட்டும். கோடையில் மண் காயக்கூடாது, தண்ணீரும் தேங்கக்கூடாது. பழுத்த இலையை மட்டும் கத்தரியுங்கள். நாலைந்தடிக் காம்பு வில்லாய் வளைந்து, மெல்லிய நரம்புகளில் இளஞ்சிவப்பு மணிகள் ஆடும்போது எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.